மூன்று கதிர்களும் ஏன் ஒரே புள்ளியில் சந்திப்பதில்லை?

கேள்வி: மும்பை ஆண்டாப் ஹில்லில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ. குழியாடியின் குவியத் தொலைவு 5 செ.மீ., பொருளின் உயரம் 4 செ.மீ., பொருள் இருப்பது 15 செ.மீ. தூரத்தில், கதிர்ப்படம் வரைந்து பிம்பம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லி வீட்டுப்பாடம். கவராயத்தில் 10 செ.மீ. எடுத்து வளைவு போட்டு, கூராக்கிய பென்சிலால் வரைந்தாள். சூத்திரப்படி 7.5 செ.மீ. வர வேண்டும். படத்தில் ஒரு ஜோடிக் கதிர் 7.3-இல் சந்திக்கிறது, இன்னொரு ஜோடி 7.6-இல். கோபம் வந்து பாகைமானியால் கோணம் அளந்தே வரைந்து பார்த்தாள், 6.9 வந்தது. நோட்டில் சிவப்பு மையில் 'கவனமாக வரையவும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே தப்பு செய்கிறாள்?

பதில்:

முதலில் உங்கள் மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: அவள் கையில் ஒரு தப்பும் இல்லை. கேள்வியைப் படித்ததும் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 செ.மீ. ஆரமுள்ள வளைவின் மேல் துளிப் பிசகும் இல்லாமல் வரைந்தால் வர வேண்டிய விடைகள் 7.27, 7.59, 6.87. அவளுக்குக் கிடைத்தவை 7.3, 7.6, 6.9. மூன்றுமே அரை மில்லிமீட்டருக்குள் சரி. இவ்வளவு சுத்தமாக வரைகிற பிள்ளைக்குக் 'கவனமாக வரையவும்' என்று எழுதியதில் எனக்கு வருத்தம்தான். மாட்டுங்காவில் பல வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். கவனமாக வரைகிற பிள்ளைகள்தான் இந்த இடத்தில் இடறுவார்கள். ஏனோதானோ என்று வரைகிறவர்கள் கதிரைக் கொஞ்சம் வளைத்துக் கொண்டுபோய் 7.5-இல் சேர்த்துவிடுவார்கள்; யாருக்கும் தெரியாது.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 'அச்சுக்கு இணையாக வரும் கதிர், பட்டு எதிரொளித்தபின் குவியம் வழியே போகும்' என்பது நமக்கு மனப்பாடம். ஆனால் கோள ஆடியில் இது அச்சை ஒட்டி வரும் கதிர்களுக்குத்தான் உண்மை. அச்சிலிருந்து 4 செ.மீ. மேலே, 10 செ.மீ. ஆரமுள்ள ஆடியில் ஒரு கதிர் பட்டால், அங்கே படுகோணம் ஏறக்குறைய 23.6 டிகிரி. எதிரொளிப்பு விதியை அப்படியே பின்பற்றினால் அந்தக் கதிர் அச்சை வெட்டுவது ஆடி மையத்திலிருந்து 4.54 செ.மீ. தூரத்தில். 5 செ.மீ.யில் இருக்கும் குவியத்தைத் தொடாமலே போய்விடும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். ஆடியின் ஓரத்தில் படும் கதிர்கள் நடுவில் படும் கதிர்களைவிட ஆடிக்குக் கிட்டத்திலேயே குவிந்துவிடும். அதனால்தான் பெரிய தொலைநோக்கிகளில் கோள ஆடிக்குப் பதிலாகப் பரவளைய ஆடியை வைக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் பரவளையம்தான்.

ஆக, பாகைமானி வைத்து வரைந்தபோது உங்கள் மகள் வரைந்தது நிஜமான கோள ஆடியை. அதற்கு 6.9 சரியான விடை. பாகைமானி இல்லாமல் வரைந்தபோது கலப்படம் நடந்துவிட்டது: கதிர் படும் இடம் கோளத்தின் மேல், திரும்பும் விதி மட்டும் அச்சை ஒட்டிய கதிர்களுக்கானது. 4 செ.மீ. உயரத்தில் அந்த வளைவு ஆடி மையத்தைவிட 8 மி.மீ. முன்னே வந்து நிற்கிறது. கதிர்கள் இப்படி ஆடி மையத்துக்கு முன்பே, வெவ்வேறு இடங்களில் திரும்பிவிடுவதால் சந்திப்புகள் 7.3, 7.6 என்று சிதறுகின்றன. சூத்திரமோ முழுக்க முழுக்க அச்சை ஒட்டிய கதிர்களுக்காக வருவித்தது, அது 7.5 என்கிறது. மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கானவை.

சூத்திரத்தோடு ஒத்துப்போகும் படம் வேண்டுமா? ஆடியை வளைவாக வரையவே கூடாது. ஆடி மையத்தில் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் ஆடி. எல்லாக் கதிரும் அந்தக் கோட்டில் பட்டு அங்கிருந்தே திரும்பட்டும். அச்சை ஒட்டிய பகுதியில் வளைவுக்கும் அதன் தொடுகோட்டுக்கும் வித்தியாசமே இல்லை என்பதுதான் சூத்திரத்தின் அடிப்படை. அதையே படத்திலும் செய்கிறோம், அவ்வளவுதான். எந்தப் பக்கம் வளைந்த ஆடி என்று காட்ட, கோட்டின் இரு நுனியிலும் சின்னதாக வளைத்துவிட்டால் போதும்.

இதே கணக்கைக் கிராஃப் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடிக்கோட்டிலிருந்து 5 செ.மீ.யில் குவியம், 10-இல் வளைவு மையம், 15-இல் 4 செ.மீ. உயர அம்புக்குறி. அம்பு நுனியிலிருந்து இணையாக வரும் கதிர் கோட்டில் 4 செ.மீ. உயரத்தில் பட்டு, குவியம் வழியே இறங்கி, 7.5 செ.மீ. தூரத்தில் அச்சுக்குக் கீழே சரியாக 2 செ.மீ.யில் இருக்கும். நுனியிலிருந்து குவியம் வழியே வரும் கதிர் கோட்டில் 2 செ.மீ. கீழே பட்டு, அச்சுக்கு இணையாகத் திரும்பும்; அதுவும் அந்தப் புள்ளி வழியேதான். வளைவு மையம் வழியே போகும் கதிர் ஆடிக்கோட்டில் 8 செ.மீ. கீழே போய்ப் படும். நிஜ ஆடி அவ்வளவு பெரிதாக இருக்குமா என்று பிள்ளை கேட்டால், கோட்டை வேண்டிய மட்டும் நீட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அது கட்டுமானக் கோடு. பட்ட கதிர் வந்த வழியே திரும்பி அதே புள்ளியைக் கடக்கும்.

நான்காவதாக ஒரு கதிர் இருக்கிறது. வகுப்பில் இதற்கு அதிக இடம் கொடுப்பதில்லை, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அம்பு நுனியிலிருந்து நேரே ஆடி மையத்துக்குப் போகும் கதிர். அங்கே அச்சுதான் செங்குத்துக் கோடு. மேலே எத்தனை கோணமோ கீழேயும் அத்தனை. பாகைமானியே வேண்டாம், கட்டம் எண்ணினால் போதும். 15 தள்ளி 4 மேலே இருந்து வந்தால், 7.5 தள்ளும்போது 2 கீழே. நான்கு கதிரும் குண்டூசி முனையில் சேருவதைப் பார்க்கும்போது பிள்ளை முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு வருஷமும் போடவைக்கிறேன்.

இந்த நேர்கோடு இன்னொரு வாசலையும் திறக்கிறது. வரைந்து முடித்த படத்தை டிரேசிங் தாளில் எடுத்து, எதிரொளித்த கதிர்களை மட்டும் ஆடிக்கோட்டின் மேல் மடித்து அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது அதே குவியத் தொலைவுள்ள குவிலென்சின் கதிர்ப்படம்! ஆடி மையத்தில் பட்ட கதிர், லென்சின் ஒளியியல் மையம் வழியே வளையாமல் நேரே போகிற கதிராக மாறியிருக்கும். வளைவு மையம் வழியே வந்து திரும்பிய கதிர், இந்தப் பக்கம் இரண்டு மடங்கு குவியத் தொலைவிலிருந்து அந்தப் பக்கம் இரண்டு மடங்கு தொலைவுக்குப் போகிற கதிராகியிருக்கும். குவியாடியை இப்படியே மடித்தால் குழிலென்சு. ஆடிக்கு நான்கு விதி, லென்சுக்கு நான்கு விதி என்று தனித்தனியாக உருப்போட வேண்டிய தேவையே இல்லை. ஆடியை வளைவாக வரைந்திருந்தால் இந்த மடிப்பு சரியாகப் பொருந்தாது. மகாராஷ்டிர மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஆடி, பத்தாம் வகுப்பில் லென்சு என்று ஒரு வருஷ இடைவெளியில் வருகிறது, தமிழ்நாட்டிலும் அப்படித்தான். சிபிஎஸ்இ-யில் இரண்டும் பத்தாம் வகுப்பின் ஒரே பாடத்தில் வருவது உங்கள் மகளுக்கு வசதி. இன்றே மடித்துப் பார்க்கலாம்.

'தேர்வில் நேர்கோடு போட்டால் மார்க் தருவார்களா?' என்று அடுத்து கேட்பீர்கள். வினாத்தாளில் பெரும்பாலும் அளவில்லாத மாதிரிப் படம்தான் கேட்பார்கள்; அங்கே வளைவு, பின்பக்கக் கோடுகள், அம்புக்குறிகள், பெயர்கள் எல்லாம் எதிர்பார்ப்பார்கள். அங்கே வளைவே போடட்டும், பொருளைச் சின்னதாக வைத்துக்கொள்ளட்டும். 10 செ.மீ. ஆரத்துக்கு 1 செ.மீ. உயரப் பொருள் என்றால் வளைவு முன்னே வருவது வெறும் அரை மில்லிமீட்டர், பென்சில் கோட்டின் தடிமன் அளவு. பிம்பம் 7.49-இல் வரும், யாராலும் குறை காண முடியாது. ஆனால் அளவுப்படம் கேட்டால் சின்னப் பொருள் ஒரு சங்கடம்: கதிர்கள் மிகக் குறுகிய கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும், வெட்டுமிடம் புள்ளியாக இல்லாமல் சின்னக் கீற்றாகத் தெரியும், எங்கே வைத்து அளப்பது என்று தெரியாது. அந்த நேரத்தில் மெல்லிய நேர்கோட்டை வரைந்து, உயரமான பொருள் வைத்து, கட்டுமானம் முழுவதையும் அதன் மேல் செய்து, ஆடியின் வளைவைப் பக்கத்தில் மெலிதாகக் காட்டட்டும். அச்சை ஒட்டிய கதிர்கள் என்ற எடுகோளின்படி வரைந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் படிக்கிறவருக்கும் புரியும்.

நேர்கோட்டு முறையில் இன்னொரு சுதந்திரமும் உண்டு. கிடையாக ஓர் அளவு, நெட்டுக்கு வேறோர் அளவு வைத்துக்கொள்ளலாம். பொருள் 60 செ.மீ. தூரத்தில், குவியத் தொலைவு 20, பொருளின் உயரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடையாக 5 செ.மீ.க்கு 1 செ.மீ. என்று சுருக்கிவிட்டு, உயரத்தை இருக்கிறபடியே 2 செ.மீ. போடலாம். பிம்பம் 6 செ.மீ.யில், அதாவது உண்மையில் 30-இல், 1 செ.மீ. உயரத்தோடு தலைகீழாக விழும். இப்படிச் சுருக்கிய படத்தில் கோணங்களை மட்டும் பாகைமானியால் அளக்கக் கூடாது. அவை நிஜக் கோணங்கள் இல்லை.

இனி கை வேலை. பெரிய விஷயங்கள் இல்லை, ஆனால் மில்லிமீட்டர்கள் இங்கேதான் தொலைகின்றன. ஸ்கேலை இரண்டு புள்ளிகளின் மேல் வைத்துவிட்டுப் பிறகு கோடு போடுவதுதான் எல்லோரின் பழக்கம். பென்சில் முனையின் தடிமன் அளவு கோடு தள்ளிப்போகும். பென்சில் முனையை முதலில் புள்ளியில் ஊன்றிக்கொண்டு, ஸ்கேலை அதன் மேல் சாய்த்துக் கொண்டுவர வேண்டும், பிறகு மறு புள்ளிக்குத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கதிரையும் முதலில் தாள் முழுக்க மிக மெல்லிய கோடாக இழுத்துவிடட்டும். ஒளி உண்மையில் போகிற பகுதியை மட்டும் பிறகு அழுத்தி அம்புக்குறி போட்டு, ஒளி போகாத நீட்சியைப் புள்ளிக்கோடாக்கலாம். மாய பிம்பம் வரும் படங்களில் இது மிக முக்கியம். குவிலென்சின் குவியத் தொலைவு 10, பொருள் 6 செ.மீ.யில், உயரம் 2 என்றால், பிம்பம் பொருள் இருக்கும் அதே பக்கத்தில் 15 செ.மீ.யில் 5 செ.மீ. உயரத்தோடு நேராக நிற்கும். 10 செ.மீ. நீளத் துண்டைப் பின்னால் 15 செ.மீ. நீட்டுகிறோம்; துண்டில் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் நீட்சியில் ஒன்றரை மடங்காகத் தெரியும். முழு நீளமும் ஒரே இழுப்பில் வந்தால் அந்தப் பிரச்சினை குறையும்.

பொருள் குவியத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு நல்ல கையும் திணறும். 5 செ.மீ. குவியத் தொலைவுள்ள ஆடி முன் 6 செ.மீ.யில் பொருளை வைத்தால் பிம்பம் 30-இல் விழும். குவியத்தை அரை மில்லிமீட்டர் மட்டும் தள்ளி 5.05-இல் குறித்துவிட்டால் பிம்பம் கிட்டத்தட்ட 32-க்கு ஓடிவிடும். தப்பு 36 மடங்கு பெருகுகிறது. அந்த மாதிரிக் கணக்கில் படம் சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அவள் மனம் தளர வேண்டாம். சூத்திரத்தால் விடை கண்டு, படத்தால் பிம்பத்தின் தன்மையை மட்டும் காட்டுவதே நேர்மையான வழி.

லென்சில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது எந்தக் குவியம் என்ற இடத்தில். குழிலென்சில் இணையாக வரும் கதிர் விரிந்து போகும். அதைப் பின்னால் நீட்டினால் பொருள் இருக்கும் பக்கத்துக் குவியத்திலிருந்து புறப்பட்டதுபோல் இருக்கும். இணையாக வெளியேற வேண்டிய கதிரோ, அந்தப் பக்கத்துக் குவியத்தைக் குறிவைத்துப் போக வேண்டும்; அங்கே போய்ச் சேராமல் லென்சிலேயே திரும்பி இணையாகிவிடும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் குழிலென்சு குவிலென்சாகிவிடும். சோதித்துப் பார்க்க எளிய வழி: இந்த இரண்டு கதிர்களும் லென்சில் அச்சை விட்டு விலகும் பக்கமாகவே வளைய வேண்டும். அச்சை நோக்கி வளைந்தால் எங்கோ தவறு. லென்சையும் செங்குத்தான ஒரே கோடாக வரையுங்கள். குவிலென்சுக்கு நுனிகளில் வெளிநோக்கிய அம்பு, குழிலென்சுக்கு உள்நோக்கிய அம்பு. இரண்டு பரப்புகளிலும் தனித்தனியே கதிரை வளைக்கப் போனால் மெல்லிய லென்சு என்ற எடுகோளே உடைந்துவிடும்.

ஒரு கதிர் அச்சுக்கு இணையாகவும் இல்லை, குவியம் வழியேயும் இல்லை, எங்கோ சாய்வாக வந்து குவிலென்சில் படுகிறது. அது எங்கே போகும் என்று கேட்டால் பலருக்குக் கை நின்றுவிடும். வழி சுலபம். அந்தக் கதிருக்கு இணையாக ஒளியியல் மையம் வழியே ஒரு துணைக்கோடு போடுங்கள். அந்தப் பக்கக் குவியத்தில் அச்சுக்குச் செங்குத்தாக நிற்கும் குவியத் தளத்தை அந்தத் துணைக்கோடு வெட்டும் புள்ளி வழியேதான் நம் கதிரும் போகும். இணைக்கதிர்கள் எல்லாம் குவியத் தளத்தில் ஒரே புள்ளியில் சேரும், அதனால்தான். இரண்டு லென்சுகள் அடுத்தடுத்து வரும் கணக்குகளில் இது கைகொடுக்கும். அங்கே முதல் லென்சின் பிம்பத்தைக் கண்டுபிடித்தபின், அந்தப் பிம்பத்தின் நுனியிலிருந்து இரண்டாவது லென்சுக்குப் புதிதாகக் கதிர்கள் வரைய வேண்டும். பழைய கதிர்களை அப்படியே நீட்டி அவற்றுக்கு 'இணைக்கதிர்', 'குவியக் கதிர்' விதிகளைப் போட்டுவிடுவது அடிக்கடி பார்க்கும் பிழை. அவை இரண்டாவது லென்சைப் பொறுத்தவரை சாய்வாக வரும் சாதாரணக் கதிர்கள்.

நாம் வரையும் மூன்று, நான்கு கதிர்கள் நம் வசதிக்காகத் தேர்ந்தெடுத்தவை என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லென்சின் எல்லாப் பகுதிக்கும் ஒளி போகிறது. லென்சின் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பாதி பிம்பம்தான் வரும் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். முழுப் பிம்பமும் வரும், வெளிச்சம் மட்டும் குறையும்.

இதைக் கண்ணால் பார்க்க உங்கள் வீட்டு ஜன்னலே போதும். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் பக்கம் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தட்டும். எதிர்க் கட்டடம், அதன் கிரில்லில் காயும் துணி எல்லாம் தலைகீழாகச் சுவரில் விழும். பிம்பம் கூர்மையாகத் தெரியும்போது லென்சுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் அது ஏறத்தாழக் குவியத் தொலைவு. கட்டடம் 10 மீட்டர் தள்ளி இருந்து, குவியத் தொலைவு 10 செ.மீ. என்றால் பிம்பம் 10.1-இல் விழும், ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல். பிறகு விரலால் லென்சின் பாதியை மூடட்டும். துணி எதுவும் காணாமல் போகாது. பத்தாம் வகுப்புச் செய்முறையில் தொலைவிலுள்ள பொருளை வைத்துக் குவியத் தொலைவு காண்பதும் இதே வேலைதான்.

அவள் அடுத்து வரைய ஒரு கணக்கு: குழிலென்சு, குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 15 செ.மீ.யில், உயரம் 5. கதிர்கள் மூன்றும் லென்சிலிருந்து 6 செ.மீ.யில், 2 செ.மீ. உயரத்தில், ஒரே புள்ளியில் சேர வேண்டும். பிறகு அதை மடித்துக் குவியாடியாக்கிப் பார்க்கட்டும்.